சும்மா கோடு

சும்மா இருப்பதற்கு ஒரு பரீட்சை உண்டு என்பதும், அதில் ஒரு பெரிய மனிதர் இரண்டு முறை தோற்க முடியும் என்பதும் கண்டக்டர் ஞானதுரைக்குத் தன் அறுபதாவது வயதில்தான் தெரியவந்தது.

தோற்றவர் அவருடைய டிரைவர் வெள்ளியங்கிரி. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அரசுப் பேருந்தை ஏற்றி இறக்கியவர். சமவெளியில் ஆளில்லாத பேருந்துகள் தாமாக ஓடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியும் மலைக்கு மட்டும் மனிதர்கள்தான் வேண்டியிருந்தது. வளைவில் வரையாடு நின்றால் இயந்திரம் நின்றுவிடும். அது சரிதான். ஆனால் ஆடு போன பிறகும் அது யோசித்துக்கொண்டே நிற்கும். வெள்ளியங்கிரிக்கு அந்த வியாதி கிடையாது. அவர் வண்டியில் ஞானதுரை பதினெட்டு வருடம் பையை மாட்டிக்கொண்டு நின்றவர்.

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாத மழையில், பதின்மூன்றாவது வளைவில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே வெள்ளியங்கிரிக்குப் பக்கவாதம் வந்தது. வண்டியில் ஐம்பத்திரண்டு பேர். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. டிரைவருக்குப் பேச்சு ஆறு மாதத்தில் திரும்பியது. கை ஒரு வருடத்தில் திரும்பியது. வலது கால் மட்டும் திரும்பவே இல்லை. பாதம் கீழ்நோக்கி நீட்டியபடி விறைத்து நின்றுவிட்டது.

அன்றைக்கு அந்த வண்டியில் ஞானதுரை இல்லை. காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காய்ச்சலைப் பற்றி அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதே மாதத்திலிருந்து ஆட்டுக்கறியையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் கொலஸ்ட்ரால் என்றார்.

கோவைக்கு வெளியே இருந்த அந்த மறுவாழ்வு மையத்தில் புதிதாக ஒரு காலுறை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் எழுதி, வரிசையில் நின்று, பெயரைப் பதிந்தது எல்லாம் ஞானதுரைதான். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நரம்பிணைப்புக் காலுறை. மையத்தின் காவலாளி முதல் கேண்டீன் மாஸ்டர் வரை எல்லோரும் அதைக் கரண்ட் சாக்ஸ் என்றுதான் சொன்னார்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து தொடை வரை வரும். பாதியில் கரைந்துபோகிற நரம்பின் சைகையைத் தொடையிலேயே பிடித்து, கீழே இருக்கும் தசையைச் சரியான நேரத்தில் இறுக வைக்கும். மாட்டிக்கொண்டவர்கள் நடந்தார்கள். ஒரு பெரியம்மா கும்மியே அடித்ததை ஞானதுரை கண்ணால் பார்த்தார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். கால் எந்த வேலையும் செய்யாமல் முழுதாகத் தளர்ந்திருக்கும்போது நரம்பு எப்படி இருக்கிறது என்று இயந்திரத்துக்குக் காட்ட வேண்டும். முப்பது வினாடி போதும். அப்போது திரையில் தட்டையாக ஒரு கோடு விழும். அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் காலுறை புரிந்துகொள்ளும். அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ரிஸ்வானா என்ற இளம்பெண் அதைச் சும்மா கோடு என்று சொல்வாள்.

"பயப்படாதீங்கண்ணா, ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒண்ணுமே பண்ணாம இருக்கறதுதான் டெஸ்ட்" என்றாள் முதல் நாள். மாதிரிக்கு முதலில் ஞானதுரையின் காலில் பட்டையைக் கட்டினாள். கட்டி முடிப்பதற்குள் கோடு தட்டையாக விழுந்துவிட்டது.

"இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வந்ததில்லீங்கண்ணா" என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

"பதினெட்டு வருசமா நான் அதத்தானே சொல்றேன்" என்றார் வெள்ளியங்கிரி. ஞானதுரையின் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வேடிக்கைக்காக வெள்ளியங்கிரியின் மனைவி துளசிமணிக்கும் கட்டிப் பார்த்தாள். மூலை நாற்காலியின் நுனியில், மடியில் சாப்பாட்டுப் பையோடு, எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார் அவர். அவருடைய கோடு விழவே இல்லை. மேலேயே நின்றுகொண்டு நடுங்கியது.

"அம்மா, கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க."

"சாஞ்சுதானுங்க உக்காந்திருக்கறேன்" என்றார் துளசிமணி, நாற்காலியின் முதுகுக்கும் தன் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுக்கொண்டு. அவர் நோயாளி இல்லை என்பதால் பட்டையைக் கழற்றிவிட்டு எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

வெள்ளியங்கிரியின் கோடு அட்டகட்டி மலையைப் போல உயர்ந்து நின்றது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார், மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். அது இறங்குவதாக இல்லை. மூத்த டாக்டர் ஒருவர் வந்து, "இதையே ஓய்வுன்னு வச்சு ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டார்கள். அவர் எழுந்து நின்றதும் காலுறை அவர் பாதத்தை இன்னும் பலமாகக் கீழே அழுத்தியது. வெள்ளியங்கிரி பின்னால் சாய, சக்கர நாற்காலி உருண்டு போய்த் தண்ணீர் கேனில் மோத, அறை முழுக்கத் தண்ணீர். துளசிமணிதான் பாய்ந்து போய் அவரைத் தாங்கிப் பிடித்தார். பிடித்த பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் சுவரைப் பார்த்து நின்றார்.

இரண்டாவது அமர்வில் விளக்கைக் குறைத்து, மெல்லிய புல்லாங்குழல் இசை போட்டார்கள். கோடு இன்னும் ஏறியது.

"ஏனம்மிணி, வண்டி ஓட்டறவன் காதுல தூக்கம் வர்ற பாட்டப் போட்டா அவனுக்குப் பயம் வருமா வராதா?" என்றார் வெள்ளியங்கிரி. ரிஸ்வானா பாட்டை நிறுத்தினாள்.

மூன்று அமர்வுகள்தான் அனுமதி. மூன்றாவதிலும் கோடு விழாவிட்டால் அந்த அளவுக் காலுறை வரிசையில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். அடுத்தவர் மோகனசுந்தரம் என்ற ஒரு தையல்காரர். தினமும் காலையில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். யாருடைய தோல்விக்கும் காத்திருக்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக எல்லோரையும் பார்த்து இரக்கத்தோடு சிரிப்பார்.

"அவருக்கே குடுத்துரலாம் தொரை. சின்ன வயசுக்காரரு" என்றார் வெள்ளியங்கிரி, மூன்றாவது அமர்வுக்கு முந்தின நாள்.

"உங்களுக்கு வேண்டாமாண்ணே?"

"எனக்கு நடந்து எங்க போகணும்? நாப்பது வருசம் போயாச்சு. துளசி என்னையத் தூக்காம இருந்தாச் சரி. ராத்திரி திரும்பிப் படுக்கறப்ப அவ இடுப்பு கடக்குங்குது. என்ற காதுல கேக்குது. கேட்டுக்கிட்டே தூங்கற மாதிரி கெடக்கறேன்."

ஞானதுரை கேண்டீனுக்குப் போனார். அங்கே ரிஸ்வானா தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கவலைதான் என்பது, பிஸ்கட் டீயில் விழுந்து கரைந்ததைக்கூடக் கவனிக்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். அவரு கால் எதுக்கு அப்படி விறைச்சு நிக்குது? செத்துப்போன கால்னா தொளதொளன்னு தானே கிடக்கணும்?"

"செத்துப் போகலீங்கண்ணா. அதுதான் கஷ்டமே." அவள் கையை மேசைமேல் நீட்டினாள். "நரம்புக்குத் தசைகிட்டச் சொல்லத் தெரிஞ்சது ஒரே வார்த்தை. 'இறுக்கு'. அவ்வளவுதான். 'விடு'ன்னு சொல்ல அதுக்குத் தெரியாது."

"அப்புறம் கை எப்படித் தளருது?"

"இறுக்குன்னு சொல்றத நிறுத்திடும். சத்தம் நின்னா, தசை பிடிச்சிருக்கறத விட ஆரம்பிக்கும். விடறதுக்கும் அதுக்குச் சக்தி செலவாகும், தெரியுமா? பிடிக்கறதுக்கு மட்டும்தான் பலம் வேணும்னு நாம நினைச்சிட்டிருக்கோம்."

"சரி, அண்ணன் நரம்பு ஏன் நிறுத்தல?"

"போதும்னு சொல்ற ஆளு மேல, மூளையில இருக்காரு. வாதம் வந்தப்ப அடி வாங்கினது அவருதான். அதனால கீழ இருக்கற நரம்பு, கடைசியாக் கேட்டதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருக்கு." அவள் தயங்கினாள். "கடைசியாக் கேட்டதுங்கறது நானாச் சொல்றது. புஸ்தகத்துல அப்படி இல்ல."

ஞானதுரை தன் வலது காலை மேசைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிப் பார்த்தார். குதிகால் தரையில். முன்பாதம் அழுந்தி. பதினெட்டு வருடம் இன்ஜின் பக்கத்தில் நின்று பார்த்த டிரைவரின் கால் அது.

"பாப்பா, அது விறைப்பு இல்ல. அவரு பிரேக்க மிதிச்சிட்டு இருக்காரு."

ரிஸ்வானா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். மடியிலிருந்த கணினியைத் திறந்து, எந்தத் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்ற பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். "ஆமாங்கண்ணா" என்றாள் மெதுவாக. "பிரேக்கேதான்."

"அப்ப விஷயம் சுலபம்" என்று எழுந்தார் ஞானதுரை. "டிரைவர் காலை பிரேக்குல இருந்து எடுக்க வைக்கிறது யாரு? நான்தான். நாளைக்கு விசிலோட வர்றேன்."

மறுநாள் பதினொரு மணிக்கு, ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பித்தளை விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஞானதுரை வந்தார். அமர்வு முப்பது நிமிடம். பட்டைகளைக் கட்டி முடிக்கவே பத்து நிமிடம் போனது. வெள்ளியங்கிரி சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோடு வழக்கம்போல மலையில். மூலையில், நாற்காலி நுனியில், துளசிமணி.

ஞானதுரை டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, பழைய கம்பீரத்தோடு இரண்டு விசில் அடித்தார்.

கோடு சரசரவென்று இறங்கியது. ரிஸ்வானா, "வருது, வருது!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். ஞானதுரை விசிலை முத்தமிடப் போனார். அந்த நேரம் பார்த்துத் திரையில் வேறொரு கோடு குபீரென்று மேலே கிளம்பியது. வெள்ளியங்கிரியின் பாதம் லேசாக வலப்பக்கம் நகர்ந்து, அங்கே மறுபடி அழுந்திக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"ரெண்டு விசில் அடிச்சா வண்டிய எடுக்க வேண்டாமா?" என்றார் வெள்ளியங்கிரி குற்ற உணர்ச்சியோடு. "ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டேனாட்டம் இருக்குது."

ரிஸ்வானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துளசிமணியும் சிரித்தார். ஞானதுரை அவசரமாக ஒற்றை விசில் அடித்தார். பாதம் இடப்பக்கம் திரும்பி பிரேக்கில் உட்கார்ந்தது. கோடு முன்னைவிட உயரமாகப் போனது. மறுபடி இரண்டு, மறுபடி ஒன்று. கால் அங்கும் இங்கும் போனதே தவிரச் சும்மா இருக்கவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் பேருந்து எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று பதினேழு காட்டியது.

ரிஸ்வானா வெள்ளியங்கிரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த விறைத்த பாதத்தைத் தன் கைகளில் எடுத்துக்கொண்டாள். "அண்ணா, பிரேக்கும் இல்லாம, ஆக்ஸிலேட்டரும் இல்லாம, உங்க கால் எப்பதான் சும்மா இருக்கும்? ட்யூட்டில அப்படி ஒரு நேரமே கிடையாதா?"

வெள்ளியங்கிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பதில் தெரியும். ஞானதுரைக்கும் தெரியும். தெரிந்துதான் நான்கு வருடமாக இரண்டு பேருமே அந்த வார்த்தையின் பக்கம் போகாமல் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். நேற்றே அது ஞானதுரையின் நாக்கு நுனி வரை வந்தது. விசிலை எடுத்துக்கொண்டு வந்ததே அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான்.

ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் வெள்ளியங்கிரி கை பிரேக்கை நம்ப மாட்டார். காலாலேயே பிடித்துக்கொண்டிருப்பார். கண்டக்டர் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "கல்லு வெச்சாச்சு!" என்று கத்த வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் அவர் காலை எடுப்பார். அதுவரை மழை கொட்டினாலும் சரி, மேலே அட்டை ஊர்ந்தாலும் சரி.

அந்த ஆடி மாதத்தில் வண்டியில் கண்டக்டராக இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாளே ஆன பையன். பயத்தில் பயணிகளை இறக்குவதற்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. இறங்கியவர்கள்தான் கல்லைத் தேடி வைத்தார்கள். அதற்குள் வெள்ளியங்கிரி உடம்பு முழுவதையும் வலது காலின்மேல் சாய்த்தபடி நினைவிழந்திருந்தார். பிரேக்கிலிருந்து அந்தக் காலைப் பிரித்து எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்களாம். கல் வைத்தாயிற்று என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ரெண்டு நிமிசம் பாப்பா!" என்று சொல்லிவிட்டு ஞானதுரை வெளியே ஓடினார்.

அது பெரிய வளாகம். எங்கே பார்த்தாலும் வழவழவென்று பதித்த சிமெண்ட் ஓடுகள். புல்வெளி இருந்தது, பூந்தொட்டி இருந்தது, நோயாளிகள் தடுக்கி விழக்கூடாது என்று ஒரு கூழாங்கல்லைக்கூட விட்டுவைக்காமல் பொறுக்கி எறிந்திருந்தார்கள். ஞானதுரை கட்டிடத்தைச் சுற்றி ஓடினார். அறுபது வயதுக்கு அது நல்ல ஓட்டம். கடைசியில் வாசலில், இரும்புக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கருங்கல் ஒன்று கண்ணில் பட்டது. அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏனுங்க! அது கேட்டுக் கல்லுங்க!" என்று காவலாளி பின்னாலேயே ஓடிவந்தார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அறைக்குள் வந்தபோது மணி பதினொன்று இருபத்துநான்கு. மூச்சிரைக்க, கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு, ஞானதுரை டிரைவரின் எதிரில் நின்றார்.

"அண்ணே, இத வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லண்ணே. ஆனைமலையில சேக்காளி வீட்டுல கெடா விருந்து. மூணாவது பந்தியில உக்காந்திருக்கறப்பதான் போன் வந்துச்சு. நான் வண்டியில இருந்திருந்தா..." மீசையெல்லாம் கண்ணீர்.

வெள்ளியங்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியும் தொரை."

"தெரியுமா?"

"நீ லீவு போடற மூஞ்சி எனக்குத் தெரியாதா? காய்ச்சக்காரன் மொத நாளே சட்டைய இஸ்திரிக்குக் குடுப்பானா?" அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "கறி நல்லா இருந்துச்சா, இல்லியா? அதச் சொல்லு மொதல்ல."

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றார் ஞானதுரை அழுதுகொண்டே.

"அப்புறம் என்ன? கல்லப் போடறா. கால் வலிக்குது."

ஞானதுரை நாற்காலிக்குப் பின்னால் போனார். குனிந்து, வலது சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்து, காலால் ஒரு உதை உதைத்து இறுக்கினார். பிறகு நிமிர்ந்து, நாற்காலியின் முதுகில் உள்ளங்கையால் பளார் பளார் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

"கல்லு வெச்சாச்சுண்ணே!"

கோடு அசையவில்லை.

"நல்லா முட்டுக் குடுத்தியா?" வெள்ளியங்கிரியின் குரல் மாறியிருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிற ஒரு மலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டேண்ணே."

"சனமெல்லாம்?"

"எறங்கிட்டாங்கண்ணே. அம்பத்திரண்டு பேரும் எறங்கியாச்சு. கைக்குழந்தைக்காரம்மாகூட எறங்கிட்டாங்க. வண்டி காலி."

வெள்ளியங்கிரி நீளமாக மூச்சை விட்டார். கோடு இறங்கத் தொடங்கியது. விசிலுக்கு இறங்கியதுபோலச் சரசரவென்று இல்லை. ஒவ்வொரு வளைவாகத் திரும்பித் திரும்பி, அவசரமே இல்லாமல், கீழே வந்தது. மலையிறங்கி ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகு வருகிற நேர் ரோட்டைப் போல ஒரு கோடு. ரிஸ்வானா மூச்சுக் காட்டாமல் விரல்களில் எண்ணினாள். நான்கு வருடமாகக் கீழ்நோக்கி நீட்டி நின்ற பாதம் ஒருபக்கமாகச் சாய்ந்து, பாதமாகக் கிடந்தது.

இருபது. இருபத்தைந்து. முப்பது.

"டீ சொல்லு தொரை" என்றார் வெள்ளியங்கிரி கண்ணை மூடிக்கொண்டு.

ரிஸ்வானா போட்ட கூச்சலில் கேட்டுக் கல்லைக் கேட்டு வந்த காவலாளியும் சேர்ந்து கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

காலுறையை மாட்ட ஐந்து நிமிடம். அது புது அளவைப் படித்துக்கொள்ள இன்னொரு நிமிடம். மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெள்ளியங்கிரி இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். காலுறை விம்மி அடங்கியது. நின்றார். யாரும் பிடிக்காமல் நின்றார். துளசிமணி பாதி எழுந்த நிலையில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பாயத் தயாராக இருந்தார்.

"இப்ப வலது காலைத் தூக்கி வைங்கண்ணா" என்றாள் ரிஸ்வானா.

வெள்ளியங்கிரி அசையவில்லை.

"அண்ணா? பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல அம்மிணி. கல்லு இன்னும் எடுக்கலியே."

ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டார். பாய்ந்து போய்க் கல்லை உருவி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விசிலை வாயில் வைத்தார். இரண்டு விசில். அந்த மையத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. "ரை ரைட்!"

வெள்ளியங்கிரி கிளம்பினார். முதல் அடி கொஞ்சம் தூக்கிப் போட்டது. இரண்டாவது அடியில் காலுறை அவரைப் புரிந்துகொண்டது. மூன்று, நான்கு, ஐந்து. எதிர்ச் சுவர் வரை போய், கொண்டை ஊசி வளைவில் ஒடிப்பதுபோல உடம்பைச் சாய்த்துத் திரும்பினார். ஞானதுரை பழக்கத்தில், "வரலாம், வரலாம், வரலாம்" என்று பின்னாலேயே வந்தார். சந்தோஷத்தில் அவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

அவர்கள் இருவருக்கும் பின்னால் துளசிமணி. கணவரின் முதுகை ஒட்டி, கைகளை விரித்துப் பிடித்தபடி, அவர் போகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார். கைகளை மட்டும் இறக்கவில்லை.

வெள்ளியங்கிரி நின்று திரும்பி அந்தக் கைகளைப் பார்த்தார்.

"துளசி, நீ போய் உக்காரு."

"இருக்கட்டுங்க. நீங்க விழுந்துருவீங்க."

"உக்காரு புள்ள."

அவர் போய் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில். முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அதே ஒரு முழம்.

"தொரை, அந்தக் கல்லக் குடு."

"கனமா இருக்கும்ணே."

"குடுறா."

இரண்டு கைகளாலும் கல்லை வாங்கிக்கொண்டு வெள்ளியங்கிரி நடந்தார். ஒன்பது அடி. ரிஸ்வானா ஓடிவந்து பிடிக்கப் போனாள். ஞானதுரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். வெள்ளியங்கிரி துளசிமணியின் முன்னால் போய், மெதுவாக முழங்காலை மடக்கி, நாற்காலியின் காலடியில் கல்லை வைத்து அழுத்தினார். உள்ளங்கையால் நாற்காலியின் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"துளசி, கல்லு வெச்சாச்சு. நீ காலை எடு."

"என்ன கூத்துங்க இது, இத்தன பேரு முன்னாடி" என்று சிரித்தார் துளசிமணி. சிரிப்பு பாதியில் என்னவோ ஆனது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தார். மெல்ல, ஏதோ உடைந்துவிடும் என்பதுபோல, நாற்காலியின் முதுகில் சாய்ந்தார். அவருடைய தோள்கள் இறங்கியதை ஞானதுரை பார்த்தார். அந்த அம்மாள் இவ்வளவு உயரம் குறைந்தவர் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரிஸ்வானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அடுத்த காலுறை வர இரண்டு மாதம் ஆகும் என்று மோகனசுந்தரத்திடம் சொல்ல வேண்டும். சொன்னாள். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "ஒண்ணு சொல்லுங்கண்ணா" என்றாள் அவள், அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் பேனாவை வைத்து. "அன்னன்னைக்கு வேலை முடிஞ்சதுன்னு உங்க காலுக்கு எப்படித் தெரியும்?"

தையல்காரர் யோசித்தார். "மிஷின் பெல்ட்டக் கழட்டி வைப்பேனுங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் கால் நிக்கும்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, அன்றைக்குத் துளசிமணிக்குக் கட்டிப் பார்த்த பட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். இப்போது அந்தக் கோடு எப்படி விழுகிறதென்று பார்த்தே ஆக வேண்டும்.

வாசலிலேயே வெள்ளியங்கிரி உதட்டில் விரலை வைத்து அவளை நிறுத்தினார். நட்டநடு மத்தியானத்தில், சாய்ந்த நாற்காலியில், வாயை லேசாகத் திறந்துகொண்டு துளசிமணி தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டைகூட வந்தது. காவலாளி கல்லைப் பார்த்தார், துளசிமணியைப் பார்த்தார், வாசல் கதவு சாத்தியே இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று பேரும் சத்தமில்லாமல் டீ குடிக்கக் கிளம்பினார்கள். வெள்ளியங்கிரி நடந்தார். வாசல்படியில் இறங்கும்போது பழக்க தோஷத்தில் ஞானதுரையின் கை சட்டைப்பைக்குப் போனது.

"தொரை" என்றார் வெள்ளியங்கிரி திரும்பிப் பார்க்காமலே, தணிந்த குரலில். "விசில உள்ள வை."